கணவாய்க் காற்றும் ஏரிக்கரை வழிகளும்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து நெல்லியாம்பதி வரை சைக்கிளில்

கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் சைக்கிளில் வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டருங்க, ரோடு எப்படி?" என்றுதான். நான் பதிலுக்கு, "எந்த மாசம் வர்றீங்க?" என்று கேட்பேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து இந்த எல்லையோரச் சாலைகளில் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவனுக்கு, தூரத்தை விடக் காற்றுதான் பெரிய விஷயம். இங்கே நாற்பது கிலோமீட்டர் சுலபமான சவாரியாகவும் இருக்கலாம், உடம்பை உருக்கிவிடுவதாகவும் இருக்கலாம். சாலை அதேதான்.

காரணம் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத திறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு எங்கும் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து இதற்குள் நுழைந்து, வேகம் கூடி, பொள்ளாச்சி உடுமலை வரை வீசுகிறது. அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கார்த்திகை பிறந்ததும் திசை மாறிவிடும். மார்கழி, தை முழுக்கக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுப் பக்கம் பாயும். பனையோலைகள் இரவு பகலாகச் சடசடக்கும். சமதளத்தில் மணிக்கு 28 கிலோமீட்டரில் போகிறவர் எதிர்காற்றில் 18-க்கு இறங்கிவிடுவார், அதுவும் முழு மூச்சைப் போட்டு.

ஆக, பொள்ளாச்சியிலிருந்து வருகிறவருக்கு ஆனி, ஆடி நல்ல மாதங்கள். வரும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும் காற்று. கஷ்டத்தைக் காலையில் தெம்பாக இருக்கும்போது முடித்துவிடலாம். மார்கழியில் இது தலைகீழ். வரும்போது பறந்து வருவீர்கள், கொல்லங்கோடு வந்ததே தெரியாது. திரும்பும்போதுதான், வெயிலும் ஏறிய பிறகு, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் காற்றை முட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த மாதங்களில் வருகிறவர்களிடம், மீன்கரை அணையோடு திரும்பிவிடுங்கள் என்பேன். இல்லையென்றால் பாலக்காடு வரை போய், ரயிலிலோ வண்டியிலோ ஏற்றிக்கொண்டு திரும்புவது புத்திசாலித்தனம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. தை மாதத்தில் நாங்கள் கிழக்கே ஆனைமலை, ஆழியாறு பக்கம் கிளம்பிவிடுவோம். வீடு திரும்பும்போது காற்று நம் பக்கம்.

எதிர்காற்றை விடப் பக்கவாட்டுக் காற்றுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் போகும் வழி வடக்கு தெற்காக ஓடுகிறது. ஆடியில் காற்று வலது தோளில் அடிக்கும். தென்னந்தோப்பு வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், தோப்பு முடிந்ததும் மறுபடி அறையும். அந்த முதல் அறையில் சைக்கிள் ஒரு முழம் நகரும். தோப்பின் கடைசி மரத்தைப் பார்த்ததும் கைப்பிடியைத் தாழ்ந்த இடத்தில் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, சாலை ஓரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்துவிடுங்கள். எதிரே பஸ் வந்தாலும் அப்படித்தான். பஸ் காற்றை மறைக்கும்போது ஒரு பக்கம் சாய்வீர்கள், அது கடந்ததும் மறுபக்கம். குழுவாக வந்தால் நேர் பின்னால் ஒட்டிக்கொள்ளாமல், காற்று வராத பக்கமாகக் கொஞ்சம் தள்ளி ஓட்டினால்தான் மறைப்பு கிடைக்கும். வண்டி வரும் சாலையில் அதையும் செய்யக் கூடாது. ஆழமான விளிம்புள்ள சக்கரங்கள் வைத்திருக்கிறவர்கள் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்.

சரி, எந்தச் சாலை? பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், நாட்டுக்கல் வழியாகப் பாலக்காடு போகும் சாலையும், வேலந்தாவளத்திலிருந்து சித்தூர் போகும் சாலையும் லாரிச் சாலைகள். ஜல்லி, எம்-சாண்ட், வைக்கோல், கோழி என்று எல்லாம் அதில்தான் போகும். குறுக்கே வெட்டிக் கடப்பதோடு சரி. அமைதியான வழிகள் தண்ணீரை ஒட்டி இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் இரண்டாவது விஷயம் இது: வாய்க்கால் எங்கே போகிறது என்று பாருங்கள். பாசன வாய்க்கால் மேட்டில் ஏறாது. சரிவே தெரியாத அளவு சரிவில், மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும். அதன் கூடவே போகும் ஊர்ச் சாலையிலும் ஏற்ற இறக்கம் குறைவு. சுற்று வழி என்பதால் அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதும் இல்லை.

இந்த வாய்க்கால்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பரம்பிக்குளம் - ஆழியாறுத் திட்டத்துக்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 1958 நவம்பரிலிருந்தே நடைமுறையில் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு தடுப்பணையில் அளந்து சித்தூர்ப் பக்கத்துக்கு விடப்பட வேண்டும். ஆழியாறு அங்கிருந்து எல்லை தாண்டி மூலத்தறை வந்து, சித்தூர்ப்புழையாகி, கடைசியில் பாரதப்புழையில் சேர்கிறது. மூலத்தறையில் பிரியும் வாய்க்கால்தான் எங்கள் வயல்களையும் ஏரிகளையும் நிரப்புகிறது. மூலத்தறைப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஷட்டர் வழியாக என்ன அளவில் தண்ணீர் போகிறது என்று பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. இங்கே டீக்கடைப் பேச்சு பாதி அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். பக்கத்திலேயே பிளாச்சிமடை. 2000-ல் தொடங்கிய கோக்கோ-கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஊர்மக்கள் போராடி, 2004-ல் அது நின்றுபோனது. தண்ணீர் என்றால் இந்த ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்பவர்கள் அந்த வழியாக ஒருமுறை ஓட்டிப்போகலாம்.

நான் அதிகம் போவது இந்த வழி: கொழிஞ்சாம்பாறை, மூலத்தறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், அங்கிருந்து மேற்கே திரும்பி முதலமடை, கொல்லங்கோடு. பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர்கள் மீனாட்சிபுரத்தில் சேர்ந்துகொள்ளலாம். கம்பாலத்தறை ஏரி, மீன்கரை அணை, சுள்ளியாறு அணை மூன்றும் இந்த வழியிலோ, இதிலிருந்து கிளை பிரிந்தோ வந்துவிடும். மீன்கரையும் சுள்ளியாறும் காயத்ரிப்புழையின் தண்ணீர். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால் சுள்ளியாற்றுக்குப் போங்கள். அணைக்கு அந்தப் பக்கம் நெல்லியாம்பதி மலை செங்குத்துச் சுவராக எழுந்து நிற்கும். ஆவணி, புரட்டாசியில் மழை ஓய்ந்த மறுநாள் போனால் அந்தப் பாறை முகத்தில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாக இறங்குவதைக் கரையிலிருந்தே எண்ணலாம். நண்பகலுக்குள் மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் எட்டு மணிக்கு முன்னால் கரையில் இருங்கள்.

முதலமடை மாந்தோப்பு ஊர். இந்தியாவிலேயே சீக்கிரம் காய்க்கிற மாம்பழங்களில் இதுவும் ஒன்று என்பதால் வடநாட்டுச் சந்தைக்கு நல்ல விலைக்குப் போகும். சைக்கிள்காரர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. மார்கழி, தையில் பூப்பிடிக்கும்போது தோப்புகளில் மருந்தடிப்பார்கள். காற்று அதைச் சாலைக்குக் கொண்டுவரும். மூச்சிரைக்க ஓட்டுகிறவர் மற்றவர்களை விடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார். மருந்து நெடி வந்தால் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் போவதை விட, வேறு சாலையில் திரும்பிவிடுவது மேல். அப்புறம், மாசி முதல் பங்குனி கடைசி வரை பெட்டி ஏற்றும் வண்டிகள் குறுகிய தோப்புச் சாலைகளில் நிறைந்திருக்கும். வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போங்கள்.

முதலமடை ரயில் நிலையத்தில் ஆலமரங்கள் நடைமேடை மேலேயே கவிந்து நிற்கின்றன. அந்த நிழலில் உட்கார்ந்து எதையாவது தின்றுவிட்டுக் கிளம்புவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலமடை வரை தமிழிலேயே கேட்டு வாங்கலாம். இட்லி, பணியாரம், கம்மங்கூழ் எல்லாம் உண்டு. கொல்லங்கோடு தாண்டினால் புட்டும் கடலைக் கறியும். மலை ஏறப் போகிறவர்களுக்கு அதுதான் சரியான சாப்பாடு. வயிற்றில் கனமாக நிற்காது, இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். கேரளக் கடைகளில் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள். கேட்டால் பாட்டிலிலும் ஊற்றித் தருவார்கள், நான் எப்போதும் அதைத்தான் நிரப்புகிறேன். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு பங்குனி வெயிலில் ஓட்டாதீர்கள். பாலக்காட்டு வெயில் கேரளத்திலேயே கடுமையானது. உப்புப் போட்ட மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு என்று மணிக்கு ஒரு தடவையாவது உள்ளே போக வேண்டும்.

டயர் விஷயம். 28 மில்லிமீட்டர் டயர் போதும், 32 இருந்தால் நிம்மதி. எழுபது கிலோ எடையுள்ளவர் 28-க்குக் காற்றழுத்தம் 70 முதல் 75 பி.எஸ்.ஐ. வைத்தால் சரியாக இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் கருவேல முள், கேரளப் பக்கம் மழைக்கு அடித்து வந்த சரளைக்கல்லும் கண்ணாடியும். எந்த ஊரிலும் பஞ்சர் கடை இருக்கிறது. ஆனால் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்கே காற்றடிக்க வழி இருக்காது. மீனாட்சிபுரத்தில் ஒரு பெரியவர் கடையில் பார்த்தேன். கோவையிலிருந்து வந்த பையன் சக்கரத்தைக் கழற்றி நீட்டினான். பெரியவர் கம்ப்ரஸர் குழாயை வால்வின் மேல் வைத்தார். காற்று புஸ்ஸென்று வெளியே போனது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்கண்ணு, மூக்கு இத்தனை சன்னமா இருக்குது? நம்ம குழாய் இதுல உக்காராதே." நான் என் பையிலிருந்து ஒரு பித்தளை அடாப்டரை எடுத்துக் கொடுத்தேன். விரல் நுனியளவுதான் இருக்கும். வால்வு முனையில் இருக்கும் சிறு திருகை முதலில் தளர்த்திவிட்டு, அடாப்டரை மேலே திருகினால், மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி ஆகிவிடும். அவர் ஒரே அழுத்தில் நிரப்பிவிட்டு, "ஒண்ணு வாங்கிட்டு வந்து எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க தம்பி, வர்ற பசங்களுக்கு ஆகுமல்ல" என்றார். அடுத்த தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டத்தில் தொங்கும் சாவிக்கொத்தோடு கட்டி வைத்திருக்கிறார். நீங்கள் இரண்டு டியூப், ஒரு கைப்பம்பு, இந்த அடாப்டர் மூன்றும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். கம்ப்ரஸரில் அடிக்கும்போது ஒரேயடியாக அமுக்க விடாதீர்கள், சின்ன டியூபுக்கு இரண்டு நொடியே அதிகம்.

கொல்லங்கோடு. இந்த ஊர் வயல்களும் பின்னால் மலையும் படங்களில் பரவியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. வயல் வரப்பில் கார்க்கதவைத் திறந்துகொண்டு படம் எடுக்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் செவ்வாய், புதன் பார்த்து வரலாம், அல்லது காலை ஏழரைக்குள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். அறுவடை நாட்களில் இன்னொரு தொந்தரவு உண்டு. அறுவடை இயந்திரம் வயலிலிருந்து சாலைக்கு ஏறும் இடங்களில் ஈரக் களிமண் கட்டிகட்டியாகக் கிடக்கும். பக்கத்திலேயே வைக்கோலைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் மேல் நேராகப் போனால் ஒன்றும் ஆகாது. அதன் மேல் திரும்பினாலோ முன் பிரேக்கைப் பிடித்தாலோ சக்கரம் வழுக்கும். நெல் காயப்போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒருவர் ஆறு மாதம் பாடுபட்ட விளைச்சல்.

நென்மாரா தாண்டி எட்டு ஒன்பது கிலோமீட்டரில் போத்துண்டி அணை. மண் அணை. உள்சுவருக்குச் சுண்ணாம்பும் வெல்லமும் கலந்த சாந்து போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். இன்னும் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. இங்கேதான் வனத்துறைச் சோதனைச்சாவடி. மாலையில் மேலே விட மாட்டார்கள், மலையிலிருந்தும் இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். 2018 வெள்ளத்தில் இந்தச் சாலை அறுந்து மேலே இருந்த ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அதனால் முந்தைய நாளே நென்மாரா பக்கத்தில் யாரிடமாவது கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் நென்மாரா - வல்லங்கி வேலா வரும். மலையாள மீனமாதம் இருபதாம் நாள். யானைகளும் வாணவேடிக்கையுமாகப் பெரிய திருவிழா. அதைப் பார்க்க வருவதென்றால் வாருங்கள், சைக்கிள் ஓட்ட அந்த நாட்கள் ஆகாது.

ஏற்றம் இருபது கிலோமீட்டருக்குள். பத்துக் கொண்டை ஊசி வளைவுகள். நெல்லியாம்பதி மலைகள் 467 மீட்டரிலிருந்து 1,572 மீட்டர் வரை உயர்கின்றன, சாலை நம்மைத் தேயிலைத் தோட்டங்கள் வரை கொண்டுபோய் விடுகிறது. கியரில் முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் உட்கார்ந்தே ஏறலாம். பின்னால் 28-தான் என்றால் முழங்காலுக்கு வேலை அதிகம். வளைவுக்கு வளைவு எழுந்து நின்று மிதித்து ஓய்ந்துபோவதை விட, பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் போவதே நல்லது. போத்துண்டிக்கு மேல் ஏற்றம் முடியும்வரை கடை என்று நம்பிப் போகக்கூடியது ஒன்றும் இல்லை. இரண்டு பாட்டிலையும் கீழேயே நிரப்பிவிடுங்கள். பாதி மலையில் மரங்கள் விலகும் இடங்களில் அணையும், அதற்கப்பால் வயல்களும் தெரியும். நான் ஏறுவது பாதி அதற்காகத்தான்.

யானை உண்டு. அதிகாலையிலும் சாயங்காலத்திலும் சாலைக்கு வரும். சைக்கிளுக்குச் சத்தம் இல்லாததால் அதற்கும் நமக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியவரும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஒடிந்த மூங்கில், ஆவி பறக்கும் புதுச் சாணம், சாலையில் இழுத்துப்போட்ட கிளை இதில் எதைப் பார்த்தாலும் நின்றுவிடுங்கள். பஸ்ஸோ ஜீப்போ வரும்வரை காத்திருந்து அதன் பின்னாலேயே போங்கள். ஓட்டுநர்களுக்கு எந்த வளைவில் நேற்று நின்றது என்பது வரை தெரியும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு இந்த மலையில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். பையைப் பிடுங்கப் பழகிய குரங்கு இறக்கத்தில் வரும் சைக்கிள்காரர் மேலும் பாயும்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே நன்றாக வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். நிழல் விழும் வளைவுகளில் பாசியும் ஊறிய இலையும் கிடக்கும். வளைவின் உள்பக்கம் பஸ்ஸுக்கு உரியது, ஏறி வரும் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் சைக்கிள்காரர்களில் சிலர் பரம்பிக்குளம் போகலாமா என்று கேட்பதுண்டு. அதற்குச் சாலை வழி தமிழ்நாட்டில் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக மட்டும்தான். புலிகள் காப்பகம், இருசக்கர வண்டிகளை உள்ளே விடுவதில்லை. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடைச் சாவடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பும் தென்னந்தோப்புச் சாலை தனியாகவே ஒரு நல்ல காலை சவாரி. தை மாதக் கிழக்குக் காற்றில் நாங்கள் தேர்ந்தெடுக்கும் வழிகளில் அது ஒன்று.

நெல்லியாம்பதிக்கு எந்த மாதம் என்று கேட்டால், ஐப்பசி. தென்மேற்குக் காற்று ஓய்ந்து, கிழக்குக் காற்று இன்னும் பிடிக்காத நாட்கள் அவை. அணைகளில் தண்ணீர் இருக்கும், அருவிகளும் இருக்கும். ஒரே பிரச்சினை, துலாமாத மழை மதியத்துக்கு மேல் இடியோடு வரும். காலை ஆறு மணிக்குப் போத்துண்டிச் சாவடியில் நின்று, சாவடி திறந்ததும் ஏறி, மேலே ஒரு கட்டன் டீ (பால் சேர்க்காதது) குடித்து, ஒரு மணிக்குள் நென்மாராவுக்கு இறங்கிவிட்டால் மழைக்கு முன்னால் தப்பலாம். மேகம் கறுத்துவிட்டால் பாதி ஏற்றத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அங்கே ஒதுங்க மரத்தடியைத் தவிர இடம் இல்லை, இடிக்கு மரத்தடி ஆகாது. போத்துண்டி வரை இறங்கிவிட்டால் கடைத் திண்ணைகள் இருக்கின்றன, மழை விடும்வரை உட்காரச் சொல்வார்கள்.